தொப்பிக்குச் சூடு ஆகாது

மொன்ரியலில் எல்லோரும் தலைக்காகத் தொப்பி வைத்திருந்தார்கள். தொப்பிக்காகத் தலை வைத்திருந்தவர் ஒருவர்தான். பிள்ளைகளே, அவரைப் போல இன்னொருவரை நான் காணவில்லை. கண்டாலும் தாங்குவதற்கு இனி எனக்குத் தெம்பில்லை.

சுவரில் தொங்கும் கல்யாணப் படத்தைக் காட்டி, "அப்பாவின்ர தலைப்பா ஏன் இவ்வளவு உயரம்?" என்று கேட்டுச் சிரிக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் தொப்பியரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய சொந்தப் பெயரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் அவர், நான், ரவி என்று மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம். நான் பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பின்னேரம் வேறோர் இடத்தில் நிலம் துடைத்தேன். வீட்டுக்கு வந்தால் சோபாவில் காலை நீட்டத்தான் ஆசை வரும். ஆனால் சோபாவில் தொப்பி படுத்திருக்கும்.

சாதாரணத் தொப்பி இல்லை. கறுப்புப் பட்டில், பானையைக் கவிழ்த்தது போல உயரமாக நிற்கும். ஆங்கிலேயத் துரைமார் முந்தி கல்யாணத்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் போட்ட வகை. ஒரு தேவாலயத்தில் பழைய சாமான் விற்ற நாளில் வாங்கி வந்திருந்தார். உள்ளே, செய்தவரின் பெயரும் லண்டன் என்ற ஊர்ப் பெயரும் பொன் எழுத்தில் இருந்தன. காலையில் நாங்கள் திருநீறு பூசும்போது அவர் அந்த எழுத்தைத் தடவிப் பார்ப்பார்.

பழைய தொப்பிகள் எல்லாம் சின்ன அளவு. அவருடைய தலையில் அது ஏறவில்லை. வேறு யாராவது என்றால் தொப்பியை மாற்றியிருப்பார்கள். தொப்பியர் தலையை மாற்றினார். தை மாதக் குளிரில் மொட்டை அடித்துக்கொண்டு வந்து, பல் கிடுகிடுக்க, "இப்ப ஏறுது பார்" என்றார்.

பனி கொட்டினால் எங்கள் தலையைத் தொப்பி காக்கும். அவருடைய தொப்பியைக் காக்க அதற்கு மேல் டெபனர் என்று இங்கே சொல்லும் மூலைக்கடையின் பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிக்கொள்வார். பஸ் வாசலில் தொப்பி இடிக்காமல் குனிந்து ஏறுவார். தனக்குத்தான் மரியாதை என்று நினைத்து ஓட்டுநரும் குனிந்து, "போன்ஜூர்" என்பார். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி இறக்குவதுதான் அவருக்கு வேலை. அங்கே சின்னப் பிள்ளைகள் அவரை மந்திரவாதி என்று நினைத்துத் தொப்பிக்குள் முயல் இருக்கிறதா என்று கேட்பார்கள். "முயல் வரேல்லை, அதின்ர சாப்பாடு வந்திருக்கு" என்று தமிழிலேயே சொல்லி ஒரு கரட்டை நீட்டுவார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஹீட்டரைத்தான் பொறுக்க முடியவில்லை. வெளியில் மூக்கு உறையும் குளிர். வீட்டுக்குள் தொப்பியர் ஹீட்டரைக் குறைத்துவிடுவார். நான் போர்த்துக்கொண்டு சோறு தின்றேன். ரவி கையுறை போட்டுக்கொண்டு பேப்பர் படித்தான்.

"அண்ணை, நாங்கள் என்ன மீனோ? இப்பிடி ஐசிலை போட்டு வச்சிருக்கிறியள்!"

"தம்பி, மேலதான் பட்டு. உள்ளுக்கை அரக்குப் பூசின துணி. சூடு பட்டா இளகிப்போம். இந்தப் பட்டை இப்ப ஒருத்தரும் நெய்யிறேல்லை. உனக்குக் குளிர்ந்தா போர்வை இருக்கு. இதுக்கு ஆர் இருக்கினம்?"

எங்கே கேட்டறிந்தாரோ, லண்டன் தொப்பிக்காரரைப் பற்றியும் ஓயாமல் சொல்லுவார். "அவையிட்டை ஒரு பொறி இருக்கு. தலையிலை கவிட்டா, தலையின்ர வடிவம் அப்பிடியே கடதாசியிலை விழும். அதைப் பாத்துத்தான் தொப்பியைச் சரிப்பண்ணுவினம்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்ப்பார். "உன்ர தலை பூசணிக்காய். உனக்கு லண்டனிலை தொப்பி இல்லை."

களைத்து வந்த மனிதனுக்குச் சொல்லும் ஆறுதலா இது?

அடுத்த மாசியில் எனக்குக் கல்யாணம். செயின்ட்-மிஷேலில் ஒரு நிலக்கீழ் மண்டபம். மணவறையையும் தலைப்பாவையும் டொரண்டோவிலிருந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். மணவறை வந்தது. தலைப்பாப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் பூமாலை. ரவி ஊரெல்லாம் போன் போட்டான். அன்று நல்ல நாள், வேறு கல்யாணங்களும் இருந்தன. மொன்ரியலில் உள்ள தலைப்பாக்கள் எல்லாம் வேறு தலைகளில் இருந்தன.

ஒரு பட்டுச் சால்வையை எடுத்து ரவியே என் தலையில் கட்டினான். அது சரிந்து காதில் விழுந்தது. உங்கள் அம்மாவின் பெரியப்பா வந்து பார்த்தார்.

"இதென்ன கோதாரி? மாப்பிள்ளையோ, பல்லுப் பிடுங்கினவனோ? தலைப்பா இல்லாமல் என்ர பிள்ளைக்குத் தாலி ஏறாது. நேரம் போனாப் போகட்டும். பேந்து பாப்பம்."

அந்தப் 'பேந்து' பிறகு அல்ல, ஒருநாளும் இல்லை என்பது எனக்கு விளங்கியது. கோப்பை கழுவுகிறவனுக்குப் பெண் கொடுக்க அவருக்கு முதலே விருப்பமில்லை. டொரண்டோவில் ஒரு கணக்காளர் பெடியனை மனதில் வைத்திருந்தார். ஐயர் நேரம் போகிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார். நான் மண்டபக் கதவடியில் போய் இருந்துவிட்டேன்.

மண்டபத்தில் சனம் வேறொரு சண்டையில் இருந்தது. "அண்ணை, தொப்பியைக் கழட்டுங்கோ, மணவறை தெரியேல்லை!"

முன்வரிசையில் இருந்த தொப்பியர் அசையவில்லை. பிறகு திரும்பி, கதவடியில் இருந்த என்னைப் பார்த்தார். எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். சமையலறைக்குள் போனார். சோற்றுப் பானையின் மூடியைத் தள்ளிவிட்டு, ஆவியில் தொப்பியைப் பிடித்தார்.

ரவி பதறிப் போனான். "அண்ணை, சூடு! சூடு!"

"வாயைப் பொத்து. கத்தரிக்கோலை எடு."

சுற்றுவிளிம்பை அவரே வெட்டினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. வெட்டி முடியும் வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவுமில்லை. இளகிய தொப்பியை இழுத்து அகட்டி என் தலையில் அழுத்தினார்.

"சுடுகுது அண்ணை."

"சுடட்டும். ஆறினால்தான் இறுகும். பூசணிக்காயை ஆட்டாதை."

அது என் தலையின் வடிவத்துக்கே இறுகியது. மேலே பட்டுச் சால்வையைச் சுற்றி கல் பதித்த புரோச் ஊசி ஒன்றையும் குத்தினார். பெரியப்பா வந்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"கொஞ்சம் உயரம்தான். ஆனா நல்ல எடுப்பு. எங்கை எடுத்தனியள்?"

"லண்டன்" என்றார் தொப்பியர்.

"லண்டனோ? அப்ப சரி. மாப்பிள்ளையைக் கூட்டி வாங்கோ."

தாலி ஏறியது. நீங்கள் வந்தீர்கள்.

கல்யாணத்துக்கு அடுத்த நாள் என் சாமான்களை எடுக்கப் பழைய வீட்டுக்குப் போனேன். தொப்பியர் எங்களைப் போல ஒரு கம்பளித் தொப்பி வாங்கிப் போட்டிருந்தார். ஹீட்டரை அவரே கூட்டிவிட்டிருந்தார். வீடு நல்ல சூடு. ரவி சோபாவில் காலை நீட்டி இருந்தான், ஆனால் அவனுக்கு அது பிடித்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் தொப்பியர் தங்கையோடு இருக்க வன்கூவருக்குப் போய்விட்டார்.

படத்தை இன்னொருமுறை பாருங்கள். என் பின்னால், கமெரா வெளிச்சம் பட்டு மின்னுகிறதே ஒரு மொட்டைத் தலை, அவர்தான். தொப்பி இல்லாமல் அவர் நிற்கும் படம் அது ஒன்றுதான்.

அந்தத் தலைப்பா இப்போதும் சின்ன அறை அலுமாரியில் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த அறை மட்டும் ஏன் குளிர்கிறது என்று ஒவ்வொரு மாரியிலும் அம்மா கேட்கிறா. ஹீட்டரைக் குறைப்பது நான்தான். தொப்பிக்குச் சூடு ஆகாது.