கிழக்கேகோட்டையிலிருந்து மறுபடியும்

திருவனந்தபுரத்து எம்.ஜி. ரோட்டை ராஜா போட்டாரா, சர்க்கார் போட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். அதன் சொந்தக்காரர் பர்லாங்கு சார். பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. ஆனால் அந்த ரோட்டில் ஒரு கல்லை நகர்த்த வேண்டுமென்றாலும் அவரைத் தாண்டித்தான் நகர்த்த வேண்டும்.

நாஞ்சில் நாட்டுக்காரர். வலியசாலையில் குடியிருப்பு. ரோடு மராமத்து ஆபீஸில் அளவுச் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். ஊரே கிலோமீட்டருக்கு மாறிய பிறகும் அவர் மட்டும் பர்லாங்கை விடவில்லை. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

நான் புளிமூட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டீக்கடை வாசலில் நின்றிருந்த அவரிடம் தபால் ஆபீஸுக்கு வழி கேட்டேன்.

"சொல்லுதேன், கேளும். கிழக்கேகோட்டை வாசல் இருக்கு பாத்துக்கிடும், அதுதான் தொடக்கம். அங்கேருந்து பழவங்காடிப் பிள்ளையாரு. பட்டாளத்துக்காரன் தேங்கா உடைச்சு உடைச்சே வளர்ந்த பிள்ளையாரு..."

"சார், தபால் ஆபீஸ்..." என்று வாயைத் திறந்துவிட்டேன். குறுக்கே பேசினால் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"கிழக்கேகோட்டை வாசல் இருக்கு பாத்துக்கிடும்..."

ஓவர்பிரிட்ஜ், ஆயுர்வேத காலேஜ், புளிமூடு, திவான் சிலையாக நிற்கும் ஸ்டாச்சு, செக்ரட்டேரியட், பள்ளிவாசலும் மாதா கோயிலும் பிள்ளையார் கோயிலும் பக்கம் பக்கமாக இருக்கும் பாளையம் என்று எல்லாம் நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டுத் திரும்பினால், தபால் ஆபீஸ் என் முதுகுக்குப் பின்னால் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தது.

செக்ரட்டேரியட் முன்னால் ஒருமுறை ஊர்வலமாக வந்த தலைவர் ஒருவர், "கொஞ்சம் மாறி நில்லுங்க சாரே" என்றார் இவரிடம். அரை மணி கழித்துத் தலைவர் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். கோஷம் போட வந்தவர்கள் மோர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இந்த ஆயுதத்தை அவர் முழு மூச்சாக எடுத்தது முத்தக்காவுக்காக.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த முத்தக்கா, தினமும் விடியும்போதே எம்.ஜி. ரோட்டைப் பெருக்குகிறவர். ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்கல் வைக்கும் பொங்காலை அன்று அந்த ரோடே பெண்களின் அடுப்பங்கரை ஆகிவிடும். மூன்று செங்கல், ஒரு மண்பானை. இரண்டு நாள் முன்பே கல்லைப் போட்டு, சாக்பீஸால் பெயர் எழுதி இடம் பிடிப்பார்கள். சாயந்திரம் அத்தனை அடுப்புச் சாம்பலையும் வாருவது முத்தக்காவும் அவரோடு வேலை பார்ப்பவர்களும்தான். அவர் மட்டும் ஒரு வருஷம்கூடப் பொங்கியதில்லை. அந்த வருஷம்தான் சாயந்திரம் வேலைக்கு வந்தால் போதும் என்று அனுமதி கிடைத்தது. புளிமூட்டுக்கும் ஸ்டாச்சுவுக்கும் நடுவில், ஒரு நகைக்கடை முன்னால், கல்லைப் போட்டு "முத்து" என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் பார்த்தால் கல் மூன்றும் சந்துக்குள் ஓடையோரம் கிடந்தன. அந்த இடம் முதலாளியின் மனைவிக்காம்.

"போட்டும் சார், சண்டை எதுக்கு? நான் இங்கனயே பொங்கிக்கிடுதேன்" என்றார் முத்தக்கா. சொன்னாரே தவிர, கண் கல்லைவிட்டு நகரவில்லை.

"வருசம் பூரா பெருக்குதவளுக்கு ஒரு நாள் மூணு கல்லு வைக்க எடமில்லையா?" என்று பர்லாங்கு சார் கல்லைத் தூக்கி வந்து பழைய இடத்தில் போட்டார். அதன் மேலேயே உட்கார்ந்து குடையை விரித்தார்.

மேனேஜர் ஓடி வந்தார். "சாரே, இது நம்ம கடைக்கு முன்னாலல்லே?"

"ரோட்டுக்குப் பின்னால உம்ம கடை இருக்கு. ரோடுதான்வே முதல்ல வந்தது. எப்படி வந்ததுன்னு சொல்லுதேன், இரியும்."

பழவங்காடி வரைக்கும் மேனேஜர் தாக்குப்பிடித்தார். செல்போன் அடித்தது. எடுத்து "ஹலோ" என்றார். கிழக்கேகோட்டையிலிருந்து மறுபடியும். அடுத்து வந்த போலீஸ்காரர் ஓவர்பிரிட்ஜில், "டூட்டி உண்டு சாரே" என்று வாயைவிட்டார். மறுபடியும் கிழக்கேகோட்டை. ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

மத்தியானம் சாப்பிடப் போகும்போது என்னைக் காவல் வைத்தார். அவர் தலை மறைந்ததும் மேனேஜர் வந்துவிட்டார். நானும் சளைக்காமல் ஆரம்பித்தேன். கோட்டை வாசலைச் சொன்னேன், பிள்ளையாரைச் சொன்னேன். ஓவர்பிரிட்ஜில் சரக்கு தீர்ந்துவிட்டது.

"பின்னே?" என்றார் மேனேஜர்.

"பின்னே... ரோடு நேரே போகுது" என்றேன். கல் மறுபடி சந்துக்குப் போனது.

திரும்பி வந்த சார் என்னைத் திட்டவில்லை. "ஓவர்பிரிட்ஜ்லயா மாட்டினீரு? அது ஏத்தம்லா, எல்லாவனுக்கும் அங்கதான் மூச்சு வாங்கும்" என்றவர், விறுவிறுவென்று நகைக்கடைக்குள்ளேயே போய் சோபாவில் உட்கார்ந்தார். ஏசி காற்றில் அவர் குரல் கணீரென்று எழுந்தது. வளையல் பார்த்தவர்கள் வளையலோடு நின்றார்கள். சத்தம் கேட்டு முதலாளியின் மனைவியே மாடியிலிருந்து இறங்கி வந்தார். அந்த அம்மாள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், பாளையம் வரைக்கும் கேட்டார். நான் பார்த்ததில் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"இவ்வளவும் கிடக்கிற ரோட்டைத் தினம் பெருக்குதவளோட கல்லு எங்கம்மா?" என்று முடித்தார் சார்.

அந்த அம்மாள் மேனேஜரைப் பார்த்தார். கல் திரும்பி வந்தது.

பொங்காலை அன்று கோயில் அடுப்பில் மூட்டிய தீ, அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கைமாறி வந்தது. கிழக்கேகோட்டை, பழவங்காடி, ஓவர்பிரிட்ஜ், புளிமூடு என்று சார் சொல்கிற வழியிலேயே வந்தது. முதலில் முத்தக்காவின் அடுப்பு பற்றியது. அதிலிருந்து ஒரு ஓலையைக் கொளுத்தித்தான் முதலாளியின் மனைவி தன் அடுப்பைப் பற்றவைத்தார். தள்ளி நின்ற சார், புகையின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருடைய சரித்திரத்தில் புளிமூட்டுக்கும் ஸ்டாச்சுவுக்கும் நடுவில் "முத்தக்கா அடுப்பு" என்று ஓர் இடம் சேர்ந்தது.

சார் போய் இரண்டு வருஷமாகிறது. இந்தப் பொங்காலைக்கு முத்தக்காவின் கல்லுக்கு நான்தான் காவல். டை கட்டிய புது மேனேஜர் ஒருவன் வந்து, "இத ஒண்ணு மாத்தணுமே" என்றான்.

"இரியும்வே" என்றேன். கிழக்கேகோட்டை வாசலில் ஆரம்பித்தேன். ஓவர்பிரிட்ஜ் ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை. முத்தக்கா அடுப்பைச் சொன்னேன், பாளையத்தில் முடித்தேன். நல்ல பையன், கையைக் கட்டிக்கொண்டு கேட்டான், கல்லைத் தொடாமல் போய்விட்டான்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை அவன் குறுக்கே பேசியிருக்கலாம்.