ஆடிக்கு நாடு கடத்தப்பட்டவள்

இன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். தாராசுரத்துல என் வீட்டுக்காரர் வீட்டுல விட்டுட்டு வந்த லத்தீன் அகராதிய எடுத்துட்டு வரணும்.

நான் ஏன் மாயவரத்துல அம்மா வீட்டுல இருக்கேன்னு கேக்குறீங்களா? வைகாசியில கல்யாணம். ஆடி பொறந்துடுச்சு. புதுப்பொண்ணு புருஷன்கூட இருக்கக் கூடாதாம். சீர் வச்சு அழைச்சுட்டு வந்துட்டாங்க. வளையலுக்கு மேட்ச்சா ஊக்கு வரைக்கும் எடுத்துவச்ச மகராசி, சோறு போடப்போற புத்தகத்த மறந்துட்டேன்.

சட்டம் படிக்கிறவங்களுக்கு ஆன்லைன்ல லத்தீன் சொல்லித்தர்ற வேலை. சாயங்காலம் டெமோ வகுப்பு. தலைப்பு ‘ரெலெகாரே’. நாடு கடத்துறதப் பத்தின வினைச்சொல். சொதப்பினா வேலை கிடைக்காது.

பஸ் புடிச்சுப் போய் கேட்டைத் திறந்தேன். மாமியார் ஓடி வந்தாங்க. வரவேற்கத்தான்னு நினைச்சேன்.

“நில்லும்மா! அங்கயே நில்லு! ஆடியில வாசப்படி மிதிக்கக் கூடாது!”

“அத்தை, ஒரு புக்குதான்.”

“ஆவணியில வா. ஆரத்தி எடுத்து அழைச்சுக்கிறேன்.”

உள்ளேருந்து என் வீட்டுக்காரர் பனியனோட எட்டிப் பாத்தார். சிரிச்சேன். மாமியார் நடுவுல வந்து நின்னுட்டாங்க.

“தடியா ஒரு புக்கு, எடுத்துட்டு வாங்க”ன்னு கத்தினேன். சமையல் புக்கு வந்துச்சு. திருப்பி அனுப்பினேன். பழைய டெலிபோன் டைரக்டரி வந்துச்சு! கடைசியில ஒரு பெட்டியையே காம்பவுண்டு சுவருக்கு மேல நீட்டி, “எல்லாம் இதுல இருக்கு”ன்னார்.

இதை எதிர்வீட்டு அக்கா பாத்துட்டாங்க. எங்க சம்பந்தத்தையே பேசி முடிச்சவங்க அவங்க. பொண்ணு வெளியில, பெட்டி வெளியில, மாமியார் மறிச்சு நிக்கிறாங்க. வேற என்னத்த நினைப்பாங்க? உடனே எங்க அப்பாவுக்குப் போன்.

பெட்டி பூட்டு திறக்கவே இல்ல. மாயவரம் திரும்பவும் நேரமில்ல. சரி, ஆனது ஆகட்டும்னு பெட்டி மேலயே உக்காந்து, வீட்டு வைஃபையில போன்லயே டெமோவ ஆரம்பிச்சேன்.

“ரெலெகாரேன்னா ஒருத்தர ஊரைவிட்டு அனுப்பிவைக்கிறது. இன்ன இடத்துல இரு, இத்தனை நாள் இருன்னும் சொல்லலாம். இதைவிடக் கடுமையான தண்டனையில சொத்தும் குடியுரிமையும் போயிடும். இதுல பொதுவா ரெண்டும் போகாது. அப்பன் பிள்ளைய வயக்காட்டுக்கு விரட்டினாலும் ரோமாபுரியில இதே வினைதான்.”

“வீட்டுல நடக்குற மாதிரி ஒரு உதாரணம் சொல்லுங்க”ன்னாங்க தேர்வு பண்ற மேடம்.

அந்த நேரம் பாத்து ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து பிரேக் போட்டுச்சு. குதிச்சு இறங்கினார் எங்கப்பா.

“எம் பொண்ணையா விரட்டுறீங்க? கட்டில், பீரோ, குத்துவிளக்கு எல்லாத்தையும் ஏத்துப்பா!”

மாமியார் விடுவாங்களா? “யாரு விரட்டினா? அவ பீரோ அவளுக்குத்தான், அவ எங்க வீட்டு மருமகதான்! ஆடி முடியிற வரைக்கும் மாயவரத்துல இருன்னோம். அதுவரைக்கும் இந்த வாசப்படி மட்டும் மிதிக்கக் கூடாது, அவ்ளோதான்!”

மைக்க அணைக்கல. எல்லாருக்கும் கேட்டுடுச்சு. மானம் போனது போச்சுன்னு கேமராவத் திருப்பினேன்.

“இதாங்க மேடம் உதாரணம்.”

ஒரு மாணவி கைய தூக்குச்சு. “மிஸ், ரோமாபுரியிலயும் ஆடி மாசம் உண்டா?”

வேலை கிடைச்சிடுச்சு! விஷயம் புரிஞ்சு அசடு வழிஞ்ச எங்கப்பாவை உள்ள உக்காரவச்சு காப்பி கொடுத்தாங்க. எனக்கு மட்டும் கேட்டுக்கு வெளியில.

அதே வண்டியில ஊருக்கு வந்து, அப்பா நெம்பித் திறந்தா, பெட்டி முழுக்க என் வீட்டுக்காரரோட வேட்டி சட்டை! அகராதியக் காணோம். போன் போட்டுக் கத்தினேன்.

“அடடா, மாறிடுச்சா? நாளைக்கு உடுத்தத் துணி இல்லையே. நானே எடுக்க வந்துடுறேன். மாப்பிள்ளை வரக்கூடாதுன்னு அம்மா சொல்லலையே!”

ஒரு எழுத்து லத்தீன் தெரியாது அந்த மனுஷனுக்கு, ஆனா சட்டத்துல ஓட்டை எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கு.