கடைப்படி மிதிக்காத நாலு வாரம்

கோயமுத்தூர்,
ஸ்ரீமுக வருஷம் ஆனி 27, செவ்வாய்க்கிழமை.

மகா-ள-ஸ்ரீ மச்சான் சென்னிமலை அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை குழந்தையம்மாளைக் கைப்பிடித்த தம்பிதுரை அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் அடுப்பும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும், அக்காவும், உடுமலைப்பேட்டைச் சந்தைக்குப் போய்வரும் காளைகள் இரண்டும் சுகமாயிருக்க மருதமலையான் அருள்புரிவானாக. தை மாதம் தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோனபோது நான் ஜின்னிங் பாக்டரியில் பஞ்சு மூட்டைகளின் எடையை எழுதிக்கொண்டிருந்தபடியால் தங்களைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்தக் குறை தீர இன்று விஸ்தாரமாக எழுதுகிறேன். அதற்கு முன், வயிற்றில் அடக்கி வைக்க முடியாத சமாசாரம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மச்சான், நான் ஜெயித்துவிட்டேன்!

பந்தய விஷயம் தங்களுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். காலம் மந்தம் என்று சொல்லி பாக்டரியில் எங்கள் சம்பளத்தில் கை வைத்தார்கள் அல்லவா, அன்றிலிருந்து நான் வீட்டுச் செலவைப் பற்றி வாய் திறந்தால் போதும், தங்கள் தங்கை சட்டியை இறக்கி வைக்கிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் என் சக குமாஸ்தா அப்துல் வஹீது காதுவரைக்கும் கேட்கும். வைகாசிக் கடைசியில் ஒருநாள், வீட்டில் புளி இருக்கும்போதே புளி வாங்கி வந்ததை நான் நியாயமாகக் கேட்கப்போக, “ஏனுங்க, ஒரு மாசம் நீங்களே ஆக்கித் தின்னு பாருங்க, அப்பத் தெரியும்” என்றாள். “ஒரு மாசமென்ன, நீ கொடுமுடிக்குப் போய் உன் தங்கை வள்ளியாத்தாள் பிரசவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற நாலு வாரமும் கடைப்படி மிதிக்காமல், வீட்டில் இருக்கிறதை வைத்தே குடித்தனம் நடத்திக் காட்டுகிறேன்” என்றேன். அதற்குச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. நான் ஜெயித்தால் செலவுப் பெட்டியின் சாவி நிரந்தரமாக என் இடுப்பில். தோற்றால் இந்த ஜென்மத்தில் அடுப்படிச் செலவைப் பற்றி நான் மூச்சுவிடக் கூடாது. யார் தீர்ப்புச் சொல்வது என்று கேட்டதற்கு, “எங்கண்ணன் ஞாயந் தப்பமாட்டாரு, அவரே சொல்லட்டுமுங்க” என்று தங்களையே நியமித்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அவள் ரயிலேறினாள்.

முதல் வாரம் கொஞ்சம் கஷ்டம்தான், மறைக்கமாட்டேன். ஒருவனுக்கு அரிசி எவ்வளவு போடுவது என்று தெரியாமல் ஒரு படியைக் கொட்டிவிட்டேன், அது பொங்கிப் பொங்கி அடுப்பை அணைத்தது. மிஞ்சினதை மறுநாள் பழைய சோறாகவும், அதற்கு மறுநாள் உப்பு மிளகாய் போட்டுப் பிசைந்து வடகமாகவும் ஆக்கினேன், வடகத்தை வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்வந்தால் காக்கைகள் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று ஓட்டின்மேல் காத்திருக்கின்றன. ராகிக்களி கிண்டினேன், துடுப்பு முறிந்து களிக்குள்ளேயே நின்றுவிட்டது, களியை எடுக்கத் துடுப்பை இழுத்தால் சட்டியும் சேர்ந்து வருகிறது. விட்டேனா? மறுநாள் அதை அரிவாள்மனையில் வைத்துத் துண்டு போட்டு, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு ஒன்றுவிடாமல் தின்றேன். காப்பித்தூள் தீர்ந்ததும் பழைய வண்டலையே மூன்று நாள் காய்ச்சினேன், நாலாம் நாள் புளியங்கொட்டையை வறுத்துப் பொடித்துக் காய்ச்சி அப்துல் வஹீதுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏனுங்க தம்பிதுரை, நமக்குள்ள ஏதாச்சு மனஸ்தாபமுங்களா?” என்று கேட்டார்.

இரண்டாம் வாரம் அரிசியும் போய், ராகியும் போய், கொள்ளு ஒன்றுதான் மிச்சம். காலையில் கொள்ளுத் துவையல், மத்தியானம் கொள்ளுக் கடைசல், ராத்திரி கொள்ளு ரசம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள், ஏற்கெனவே இளைத்த நான் கொள்ளையே தின்றால் என்ன ஆகும்? வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பஞ்சு நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்தேன், எட்டு ராத்தல் குறைந்திருந்தேன். பாத்திரம் கழுவ வருகிற சின்னத்தாயி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மணி வர்ற வரைக்கும் நானு ரண்டு வாய் கம்மஞ்சோறு கொண்டாந்து தாரனுங்கய்யா” என்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது மச்சான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் வெளிச்சோறு பந்தயத்துக்கு விரோதம் என்று சொல்லி மறுத்துவிட்டேன். அன்று ராத்திரி ஆணியில் தொங்கிய அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே, தோற்றுத்தான் போகப்போகிறோம், இனி அவள் சிரிப்பைக் காலமெல்லாம் கேட்கவேண்டியதுதான் என்று தூங்கினேன்.

இங்கேதான் தெய்வம் கண் திறந்தது. மறுநாள் உடைந்த துடுப்புக்குப் பதில் ஏதாவது கட்டை கிடைக்குமா என்று பரண்மேல் ஏறினேன். பழைய முறங்களுக்குப் பின்னால், மூலையில், ஒரு கோணிச்சாக்கைப் போர்த்தி மறைத்து, ஒரு பானை! வாய்க்குச் சாணி பூசி மெழுகியிருந்தது. உடைத்துப் பார்த்தேன். மேலே காய்ந்த வேப்பிலை, கீழே சாம்பல், சாம்பலுக்குள் கையை விட்டால் பயறு! நாலைந்து படி இருக்கும். தட்டைப்பயறுதான், ஆனால் எப்பேர்ப்பட்ட தட்டைப்பயறு! ஒவ்வொன்றும் செக்கச்செவேலென்று, கண்ணில் வெள்ளைப் புள்ளியோடு, சொத்தை சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல், ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. நீங்கள் இத்தனை வருஷமாகப் பண்ணயம் பார்க்கிறீர்கள், உங்கள் தோட்டத்தில்கூட இப்படியொரு பயறை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள் என்று அடித்துச் சொல்வேன்.

பார்த்தீர்களா மச்சான் தங்கள் தங்கையின் வேலையை? சம்பளம் குறைந்துபோய் நான் கொள்ளைத் தின்று மெலிகிறேன், அவள் பானை நிறையப் பயறைப் பரணில் ஒளித்து வைத்துவிட்டு ரயிலேறியிருக்கிறாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரிக்கே கணக்கில்லை, அப்புறம் ஏன் செலவு கட்டாது? தீர்ப்பு எழுதும்போது இந்த விஷயத்தைத் தாங்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். சின்னத்தாயி மட்டும் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்கய்யா, சாம்பலு போட்டு, வேப்பந்தழை போட்டு வெச்சிருந்தா அது வெதையா இருக்குமுங்களே” என்று இழுத்தாள். “விதையென்றால் விவசாயி வீட்டில் இருக்கும், குமாஸ்தா வீட்டில் அதற்கு என்ன வேலை?” என்று கேட்டேன். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

அன்று தொடங்கிய யோகம் நேற்றுவரைக்கும் ஓயவில்லை. ஒருநாள் சுண்டல், ஒருநாள் புளிக்குழம்பு, ஒருநாள் கடைந்து, ஒருநாள் முளைகட்டி. முளைகட்டியது எப்படித் தெரியுமா, ஈரத்துணியில் ஒரு ராத்திரி முடிந்து வைத்தேன், ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் முளைத்துவிட்டது! அப்படிப்பட்ட உயிருள்ள பயறு. எங்கள் தலைமைக் குமாஸ்தா வேங்கடசாமி என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், அவர் ஒரு சாயங்காலம் பேரேடு கேட்டு வீடு தேடி வந்தார். சுண்டல் கொடுத்தேன். மூன்று முறை வாங்கித் தின்றுவிட்டு, “எந்தக் கடைய்யா இது?” என்றார். “கடையா! வீட்டுச் சரக்கு” என்று சொல்லி ஒரு படி அளந்து துணியில் முடிந்து கொடுத்தனுப்பினேன். மறுநாள் பாக்டரியில் எல்லார் முன்னிலும், “குடித்தனம் நடத்துவது எப்படி என்று தம்பிதுரையிடம் கேளுங்கள்” என்றார். பதினோரு வருஷ வேலையில் அவர் என்னைப் புகழ்ந்தது இதுவே முதல் தடவை. அப்துல் வஹீதும் அவர் சம்சாரம் சாஜிதா பேகமும்கூட புளியங்கொட்டைக் காப்பியை மன்னித்து, இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டார்கள்.

என் கையில் எதுவும் வீணாகவில்லை என்பதையும் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சாம்பலில் பாத்திரம் துலக்கியாயிற்று. வேப்பிலையைக் கொசுவுக்குப் புகை போட்டாயிற்று. பானை வாயில் பூசியிருந்த சாணி அடுப்புக்கு ஆயிற்று. முதல் நாள் பயறைக் கழுவும்போது கை தவறிச் சாக்கடை ஓரம் கொஞ்சம் கொட்டிவிட்டது, அதுகூட முளைத்துக் கொடியோடியது. விடுவேனா? தளிர் தளிராகக் கிள்ளிப் பொரியல் செய்துவிட்டேன். நேற்று மத்தியானம் பானையைக் கவிழ்த்துத் தட்டினேன். கடைசிப் பிடி விழுந்தது. அதையும் தாளித்துத் தின்று கை கழுவினேன், நாலு வாரமும் சரியாக முடிந்தது. நான் பட்ட சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்! ஆணியில் இருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நாலு நடை நடந்தேன். கடைப்படி மிதிக்கவில்லை, ஒரு தம்பிடி கடன் சொல்லவில்லை. வீட்டில் இருந்ததைக் கடைசி மணிவரைக்கும் பயன்படுத்தினேன், நாலு பேருக்குக் கொடுத்தும் தின்றேன்.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து, ‘தம்பிதுரை ஜெயித்தார், சாவி அவருக்கே’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். குழந்தையம்மாள் வந்து இறங்குகிற அன்று அதை அவள் கையில் கொடுக்க ஆசை. தாங்கள் ஞாயந் தப்பமாட்டீர்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆடி பிறக்கப்போகிறது, தங்கள் காட்டில் மழை பெய்யட்டும், விதைத்ததெல்லாம் ஒன்று நூறாக விளையட்டும், அக்காவுக்கு என் வணக்கம், காளைகளுக்கு ஒரு தடவு.

இப்படிக்கு,
வெற்றிபெற்ற மாப்பிள்ளை,
தம்பிதுரை.

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் வந்தார். குழந்தையம்மாள் எழுதியிருக்கிறாள். வள்ளியாத்தாளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. அதற்குக் கீழே எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன்: “ஏனுங்க, பரண்மேல சாணி மொழுகி வெச்ச பானையத் தொட்டுப்போடாதீங்க. அது அண்ணனோட வெதப்பயறு. நாலு வருசமா ஒவ்வொரு காயாப் பொறுக்கிச் சேத்துனது. அவிக ஊட்டுல எலித்தொல்லைன்னு, எங்கைராசிய நம்பித் தையில குடுத்துட்டுப் போனாரு. சொன்னா நீங்க பாக்கறவிகளுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவீங்கன்னுதான் சொல்லுல. ஆடிப்பட்டத்துக்கு வேணுமுன்னு வெள்ளிக்கெழமை வண்டி கட்டிட்டு அண்ணனே வாராரு.”

இதை நான் நாலு தடவை படித்தேன். பிறகு செருப்புகூடப் போடாமல் வேங்கடசாமி வீட்டுக்கு ஓடினேன். அவர் வீட்டில் அந்த ஒரு படியையும் வறுத்து மாவாக இடித்திருக்கிறார்கள், அதில் ஒரு உருண்டை பிடித்து என் கையிலேயே கொடுத்தார்கள். நடுத்தெருவில் நின்று அதையும் தின்றேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் வெந்நீர் ஆவியில் உறையை நாசூக்காகப் பிரித்த பிறகு பார்த்தால், வீட்டில் வெறுந்தாள் இந்த ஒன்றுதான் மிச்சம். நாலு வாரம் ஒரு கறிவேப்பிலையைக்கூட வீணாக்காதவன் எழுதின இத்தனை தாளை எப்படி வீணாக்குவது என்று, இதையே மறுபடி ஒட்டி அனுப்புகிறேன்.

மச்சான், என்னை மன்னிக்க வேண்டும். சாக்கடை ஓரத்தில் முளைத்ததில் மூன்று கொடி சுவரேறி அப்துல் வஹீது பக்கம் போய்விட்டபடியால் என் கைக்குத் தப்பியிருக்கிறது. சுற்றி முள் வைத்துவிட்டேன், இனி காலையிலும் மாலையிலும் நானே தண்ணீர் ஊற்றுவேன், சாஜிதா பேகம் ஆட்டைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தீர்ப்பு எழுத வேண்டாம். சாவியை அதே ஆணியில் மாட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை வரும்போது மட்டும் வழியில் எங்காவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் ஒன்றுமே மிச்சமில்லை.