ரீஃபர் அண்ணனின் ஏழாவது பாட்டு

காலியான குளிர்பதனக் கண்டெய்னர் ஒன்றுக்குள் நின்று நான் தும்மியபோதுதான் அந்த யோசனை வந்தது. கதவு மூடியிருந்தது. வெளியே அலறிய கிரேன் சத்தம் துளியும் இல்லை. என் தும்மல் மட்டும் நாலு சுவரிலும் மோதி எருமை கத்தியதுபோலத் திரும்பி வந்தது. ரீஃபர் அண்ணனின் ஆல்பத்தை இங்கேதான் பதிய வேண்டும்!

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து ஊதினாலும் ரீஃபர் அண்ணனின் தொண்டைக்கு ஈடாகாது. குளிர்பதனக் கண்டெய்னரை எங்கள் யார்டில் ரீஃபர் என்போம். அதை ரிப்பேர் பார்ப்பவர் என்பதால் அவர் ரீஃபர் அண்ணன். இருபது வருடங்களுக்கு முன் 'அழுகிய நங்கூரம்' என்ற, உறுமியே பாடும் டெத் மெட்டல் குழுவைத் தொடங்கி, ஒரே ஒரு சிடி போட்டு, ஒரு கல்யாண வீட்டில் பாடி மாப்பிள்ளை வீட்டாரைப் பாதிப் பந்தியில் எழுப்பிவிட்டவர். பழைய சாமான் கடையில் கிடைத்த அந்த சிடியை யார்டு ஆபீஸில் கணக்கு எழுதும் பெண்ணான நான் ஓடவிட்டபோது, வாசலில் ஸ்பானரோடு நின்றவர் கிசுகிசுத்தார்: "ஏளா, அது நாந்தான்."

ஆமாம், கிசுகிசுத்தார். தொண்டையைச் சேமிக்கிறாராம். இரண்டாவது ஆல்பம் என்று முடிவானதும் அந்தக் கிசுகிசுப்பும் நின்றது. யார்டில் ஒரு வழக்கம் உண்டு. சேதம் பார்க்கிற சர்வேயர் கண்டெய்னர் சுவரில் சாக்பீஸால் குறிப்பார். எழுதியதை யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அண்ணனும் சாக்பீஸுக்கு மாறிவிட்டார். டீக்கடையில் ஒருமுறை பக்கத்தில் நின்ற லாரியில் எழுத, 'சீனி கம்மி' மதுரை வரை போய் வந்தது.

டிரம்ஸ் வாசிக்கும் பழைய கூட்டாளி சவுதியில், தம்மாமில் வெல்டர். அதனால் தம்மாம் அண்ணன். அவருடைய லீவுக்குள் ஏழு பாட்டையும் முடித்தாக வேண்டும். டிரம்ஸைத் தனியாகப் பதிந்துகொள்ளலாமே என்றேன். ரீஃபர் அண்ணன் சுவரில் எழுதினார்: 'அவன் மூஞ்சியப் பாக்காம எனக்குக் கோவம் வராது.'

கண்டெய்னரின் உட்சுவரில் பாட்டு எழுதுவார், நான் போனில் படம் எடுத்துக்கொள்வேன், பாடுவார். ஆறு பாட்டு இப்படி முடிந்தது. ஏழாவதை ஒரு சாயங்காலம் எழுதி முடித்தார். காலையில் படம் எடுக்கலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் கண்டெய்னர் கழுவுமிடத்தில் சொட்டச் சொட்ட நின்றது.

"கழுவச் சொல்லாம நான் எப்படி விடுவேன்?" என்றார் சர்வேயர் அண்ணாச்சி. "தரையெல்லாம் துரு, மூலைக்கு மூலை புழு, பிணவாடைன்னு செவரு பூரா எழுதிருக்கு!"

"அது பாட்டு அண்ணாச்சி."

"பாட்டா? கடைசில 'தெறக்காதே'ன்னு வேற போட்டிருந்துச்சே!"

ஒரு மாதத்தில் முதல்முறையாக ரீஃபர் அண்ணன் பேசுவதற்கு வாயைத் திறந்தார். "ஏளா, போட்டோ எடுத்தியா?"

"காலைல எடுக்கலாம்னு போயிட்டேண்ணே."

"நாளைக்கு இந்நேரம் நான் பிளைட்ல இருப்பேம்லே," என்றார் தம்மாம் அண்ணன். "வார்த்த போனாப் போகுது. நீ பாடுதது எவனுக்குலே புரிஞ்சிருக்கு? பின்னால இருந்து அடிக்கிற எனக்கே வெளங்காது."

"ஒரு வார்த்தகூடயாலே?"

"நெசமாச் சொல்லுதேன், ஒண்ணுகூட இல்ல."

ரீஃபர் அண்ணன் கையிலிருந்த சாக்பீஸைத் தூக்கிப் போட்டார். பிறகு ஈரக் கண்டெய்னருக்குள் போய் மைக்கைப் பிடித்தார்.

அப்படியொரு உறுமலை நான் கேட்டதில்லை. தம்மாம் அண்ணன் வெறிபிடித்ததுபோல் அடித்தார். ஹெட்போன் மாட்டியிருந்த எனக்கு மட்டும், மூன்றாவது நிமிடத்தில், உறுமலுக்குள் இருந்தது மெல்லப் பிடிபட்டது: "போகாதலே... அங்கன ஒனக்கு யாருலே இருக்கா... இங்கனயே கெடயேம்லே..."

"இதுதாம்லே பாட்டு!" என்று வியர்வையைத் துடைத்தார் தம்மாம் அண்ணன். "என்னா கோவம்!"

ரீஃபர் அண்ணன் என்னருகே குனிந்தார். "ஏளா, வார்த்த கேக்குதா?"

"இல்லண்ணே. ஒண்ணுமே வெளங்கல."

அப்பாடா என்று மூச்சு விட்டார். மறுநாள் தம்மாம் அண்ணனின் பெட்டியை அவர்தான் பஸ் வரைக்கும் தூக்கிப்போனார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

யார்டில் இப்போது ஒரு வெல்டர் இடம் காலியாகிறது. விண்ணப்பத்தில் தம்மாம் அண்ணன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மற்றதை நானே நிரப்பிவிட்டேன். அத்தோடு ஏழாவது பாட்டையும், டிரம்ஸை அடக்கி, வேகத்தைப் பாதியாக்கி, வார்த்தை கேட்கும்படி செய்து, இன்றைக்கே தம்மாமுக்கு அனுப்பிப் பார்க்கப்போகிறேன்.