பிரீசர் அண்ணனும் புலிக் கம்பளிக் கூட்டமும்

அரபு மண்ணில் பனியை உண்டாக்கியவர் பிரீசர் அண்ணன்தான். அவருக்கு முன்பு அங்கே இருந்ததெல்லாம் வெறும் குளிர்ந்த தண்ணீர். இதை மறுப்பவர்கள் தாராளமாக மேடையேறலாம். ஆனால் அவர்கள் வாதிட வேண்டியது என்னோடு அல்ல, அவரோடு. கல்லூரிப் பட்டிமன்றங்களில் எதிரணியை வாயடைக்க வைத்து, வென்ற கோப்பைகளை அலமாரி கொள்ளாமல் அடுக்கியவள் நான். அந்த என்னால் ஒருமுறைகூட வெல்ல முடியாத மனிதர் உலகில் ஒருவர் உண்டென்றால், அவர் கம்பளிச் சட்டை அணிந்துகொண்டு பாலைவனத்தில் நடந்தார்.

இரண்டாயிரங்களின் நடுவில், படிப்பை முடித்த கையோடு துபாய் சத்வாவில் இருந்த பெற்றோரிடம் வந்து சேர்ந்தேன். வாய்த்த வேலை, ஓர் ஐஸ் ஹாக்கி குழுவின் அலுவலகத்தில். சறுக்குக் காலணியோடு பனித்தரையில் பாய்ந்து, மட்டையால் ஒரு கறுப்பு வில்லையை வலைக்குள் தள்ளும் ஆட்டம் அது. டிக்கெட் கிழிப்பதும், ஆட்டத்தின்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் என் பொறுப்புகள்.

அந்தக் குழுவின் வரலாறு தனித்துச் சொல்லத் தக்கது. எங்கோ ஒரு குளிர்தேசத்தில் பிறந்து, சம்பளம் வாங்கும் வீரர்களோடு வளர்ந்து, நொடித்துப்போன குழு அது. எங்கள் முதலாளி, எல்லோரும் அர்பாப் என்று அழைக்கும் அரபுப் பெரியவர், சுற்றுலா போன இடத்தில் அதைக் கண்டு மனமிரங்கி, வீரர்கள், மட்டைகள், சட்டையிலிருந்த கரடிச் சின்னம் உட்பட மொத்தமாக வாங்கித் துபாய்க்குக் கொண்டுவந்தார். கரடியை ஒட்டகமாக மாற்றச் சொல்லிச் சட்டைகள் சத்வா தையல்கடைக்குப் போயின. கரடியைப் பிரித்தால் துணி கிழியும் என்று கண்ட தையல்காரர், அதன் முதுகில் ஒரு திமிலை மட்டும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். உயிரியல் அறியாத அந்த விலங்கை நெஞ்சில் சுமந்துதான் எங்கள் வீரர்கள் ஆடினார்கள்.

அந்த அரங்கத்தின் பனித்தரைக்குப் பொறுப்பாளர் பிரீசர் அண்ணன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். சவூதியின் அல் கோபார் நகரில் மீன் கிடங்கொன்றின் குளிர்சாதனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. வெளியே வெயில் தார்ச்சாலையை இளக்கும்போதும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டார். கேட்டால், "உடம்பு ஒரே நெலையில இருக்கணும் பிள்ளே. உள்ள ஒரு சீதோஷ்ணம், வெளிய ஒரு சீதோஷ்ணம்னு மாத்துனா எஞ்சின் கெட்டுப்போவும்" என்பார்.

பனியை உயிராக நேசித்த அவர், அதன்மீது ஆடுகிறவர்களைப் பகையாளிகளாகவே கருதினார். தரையைச் சமன்படுத்தும் வண்டியை ஓட்டி முடித்து இறங்குவார். அடுத்த நொடி வீரர்கள் பாய்வார்கள், கீறல் விழும். ஆறரை அடி உயர அணித்தலைவரை நோக்கி விரலை நீட்டுவார்.

"லேய், இப்பத்தான தேச்சு விட்டேன். காலத் தூக்கி வெச்சு ஆடுனா என்ன, கொறஞ்சா போவ?"

அணித்தலைவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் தலை குனிந்து, "சாரி அண்ணே" என்பார். அந்த 'அண்ணே'யை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு துபாய் எங்கும் கோபுரங்கள் முளைத்த காலம் எங்கள் அரங்கத்துக்கும் வந்தது. இடிக்கப் போகிறார்கள் என்றார்கள். அர்பாப் குழுவை அல் ஐனில் தமக்கிருந்த ஒரு பெரிய கூடத்துக்கு மாற்றினார். குளிர்தேசத்திலிருந்து துபாய், துபாயிலிருந்து அல் ஐன்: ஒரே குழுவுக்கு இரண்டாவது குடிபெயர்வு. சாமான்கள் லாரியில் ஏறிய நாளில், பிரீசர் அண்ணன் பழைய தரையிலிருந்து ஒரு பாளம் பனியைப் பெயர்த்து, மீன்பெட்டியில் வைத்து, பிக்கப்பில் தம் பக்கத்து இருக்கையில் ஏற்றி பெல்ட்டும் போட்டுவிட்டார்.

"அண்ணே, இது எதுக்கு? அங்கேயும் தண்ணிதான், அங்கேயும் மெஷின்தான்."

"தயிருக்கு உறை ஊத்தாம உறையுமா? புதுத் தண்ணிக்குப் பழக்கம் வர வேண்டாமா? படிச்ச பிள்ளதான நீ?"

வெப்ப இயக்கவியலை மேற்கோள் காட்டி இரண்டு மணி நேரம் வாதிட்டேன். அவர் அதற்குள் அல் ஐன் போய்ச் சேர்ந்திருந்தார்.

அல் ஐன் பேரீச்சந் தோப்புகளின் ஊர். தரை நன்றாகவே உறைந்தது; ஆனால் பார்க்க ஆளில்லை. துபாயின் வெள்ளைக்கார ரசிகர்கள் அவ்வளவு தூரம் வர மறுத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இந்த ஆட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. காலி நாற்காலிகளுக்கு நான் செந்தமிழ் மிடுக்கோடு ஆங்கிலத்தில் அறிவித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அர்பாப் வந்தார், சுற்றிப் பார்த்தார், எல்லோருக்கும் புரிகிற இந்தியில் தீர்ப்பளித்தார்.

"அடுத்த ஜும்மா குர்சி காலி, ஹாக்கி கலாஸ்."

வருகிற வெள்ளிக்கிழமை நாற்காலி நிறையாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவார். கூடம் பேரீச்சம்பழக் குளிர்கிடங்கு ஆகிவிடும். கிடங்கிலும் இதே வேலை, இதே சம்பளம் என்று பிரீசர் அண்ணனுக்கு உறுதியும் கொடுத்தார். வீரர்கள் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். அண்ணன் மட்டும் அசையவில்லை.

"மீனுக்குக் குளிர் போட்டாச்சு. இனி பேரீச்சம்பழத்துக்கும் போடணுமா? ரெண்டும் செத்த சாதி. குளிருதுன்னு ஒரு வார்த்த சொல்லுமா? என் பனியில இப்பத்தான் மனுசன் நிக்கான். நான் விடமாட்டேன், கேட்டியா."

"யாரை அண்ணே கூட்டிட்டு வருவீங்க?"

"வெயில்ல வேவுதவன் எல்லாரையும்."

அன்று தொடங்கியது அவருடைய படையெடுப்பு. கடைத்தெரு, சலூன், தொழிலாளர் கேம்ப் என ஓர் இடம் விடவில்லை. கம்பளிச் சட்டையோடு வெயிலில் நின்று அவர் பேசியதை ஒரு கேம்ப் வாசலில் நானே கேட்டேன். இலக்கணம் இல்லை, எடுப்பு இல்லை, தொகுப்பு இல்லை. ஆனால் கூட்டம் கலையவில்லை.

"மக்கா, வெள்ளிக்கிழம டூட்டி கெடையாதுல்லா? ரூம்ல கெடந்து என்ன செய்யப்போற? ஊட்டி ஆக்கும் அங்க. டிக்கெட் மாஃபி, ஒண்ணும் வேண்டாம். கம்பளி கொண்டு வா, அதான் டிக்கெட்."

"ஆட்டம் புரியுமா அண்ணாச்சி?" என்றார் ஒரு திருநெல்வேலிக்காரர்.

"சடுகுடு தெரியுமா? அதேதான். தப்புப் பண்ணுனவன் அவுட்டாயி ஓரத்துக் கூண்டுல இருப்பான். நம்ம ஆளுவ சாதிச்சா அவனுக்கு உயிர் வரும், எழும்பி வருவான். அப்பக் கை தட்டு."

திரும்பும் வழியில் நான் வெகுண்டேன். சடுகுடுவில் நம் அணி எதிராளி ஒருவனை வீழ்த்தினால், வெளியே இருக்கும் நம் ஆள் உயிர்பெற்று வருவான். ஐஸ் ஹாக்கியிலோ நேர்மாறு: நம் ஆள் கூண்டில் இருக்கும்போது எதிரணி கோல் போட்டால்தான் தண்டனை நேரம் முடியுமுன் அவனை விடுவிப்பார்கள். இதை விளக்கினேன், உதாரணங்களோடு.

"நீ ஆட்டத்தப் பாக்க. நான் நாற்காலியப் பாக்கேன்" என்றார் அண்ணன். வாதம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு நர்சுகள் வந்தார்கள். தொழுகை முடித்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். கேம்ப் பேருந்துகள் வரிசையாக நின்று ஆட்களை இறக்கின. ஒவ்வொருவர் தோளிலும் வளைகுடாவுக்கே உரிய அந்தக் கனத்த கம்பளி: சிலவற்றில் ரோஜா, பலவற்றில் புலி. அரங்கம் நிறைந்தபோது, நூற்றுக்கணக்கான புலிகள் போர்வையாக அமர்ந்து ஒரு திமில் கரடியைப் பார்க்கத் தயாராயின. அர்பாப் விருந்தினர்களோடு முன்வரிசையில் அமர்ந்தார்.

ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் எங்கள் வீரர் ஒருவர் எதிராளியை இடறிவிட்டுக் கூண்டுக்குள் போனார். அரங்கம் துயரத்தில் ஆழ்ந்தது. எதிரணி கோல் போட்டது. கூண்டு திறந்தது, எங்கள் ஆள் வெளியே பாய்ந்தார்.

"எழும்பிட்டாம்லேய்" என்று ஒரு குரல். அவ்வளவுதான். அரங்கமே எழுந்தது, புலிகள் பறந்தன, விசில் கூரையை முட்டியது. கோல் போட்ட எதிரணி வீரர், பாராட்டு தமக்கென்று நினைத்து மட்டையை உயர்த்தி நன்றி சொன்னார். எங்கள் அணித்தலைவர், தாம் எந்த வலையைக் காக்கிறோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

நடந்தது மீண்டும் மீண்டும் நடந்தது. நாங்கள் போட்ட ஒரே கோல், எதிராளி ஒருவர் கூண்டில் இருந்தபோது விழுந்தது. அவர் விடுதலையாகி வந்ததைக் கண்டு அரங்கம் துக்கம் அனுசரித்தது. உண்மையை உரைப்பது என் கடமை என்று மைக்கை எடுத்தேன். இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"என்ன பிள்ளே அது, இவ்வளவு சத்தம்?"

"எதிரணி கோலுக்குக் கை தட்டுறாங்க அண்ணே. நான் திருத்தப் போறேன்."

"மைக்கக் கீழ வையி. தட்டுதவன் கையப் போயி யாராவது பிடிப்பாவளா?"

வைத்தேன். படுதோல்வியில் ஆட்டம் முடிந்தபோது கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. அர்பாப் என்னிடம் வந்தார். கண்களில் வியப்பு.

"இந்தப் பப்ளிக் தோற்றாலும் கைதட்டித் தாளி போடுகிறது. துபாயில் ஜெயித்தால்கூடப் போட மாட்டான். பேரீச்சம்பழத்தை வேறு எங்காவது வைக்கலாம். கூடம் ஹாக்கிக்குத்தான்."

செய்தியைச் சொல்ல ஓடினேன். அண்ணன் அரங்கில் இல்லை, வெளியிலும் இல்லை. அரங்கின் பின்னே, இயந்திர அறையில் கண்டேன். அத்தனை பேரின் மூச்சும் உடல்சூடும் சேர்ந்தால் தரை இளகிவிடுமே என்று, ஆட்டம் முழுவதும் கம்ப்ரஸர்களை விட்டு நகராமல் வால்வுகளைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறார். வாழ்க்கையில் முதன்முறையாகக் கம்பளிச் சட்டை கழற்றப்பட்டு ஆணியில் தொங்கியது. பனியன் வேர்வையில் நனைந்திருந்தது. தாம் திரட்டிய கூட்டத்தை அவர் பார்க்கவே இல்லை.

"ஹாக்கி இங்கேயேதான் அண்ணே. அர்பாப் சொல்லிட்டார்."

அண்ணன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தகர டின்னைக் கவிழ்த்து எனக்குப் போட்டார். எதிரே தரையில் அமர்ந்தார்.

"எப்பிடி இருந்துது? ஒண்ணு விடாம சொல்லு."

இயந்திர இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்தி, புலிகளையும் விசிலையும் கூண்டு திறந்ததையும் வர்ணித்தேன். எத்தனையோ மேடைகள் ஏறியிருக்கிறேன். வாயைத் திறந்து, கண் இமைக்காமல் அப்படி ஒருவர் என் பேச்சைக் கேட்டதில்லை. சொல்லி முடித்தேன்.

"எல்லாரும் எழும்பி நின்னாவன்னு சொன்னியே, அத மட்டும் இன்னொரு வாட்டி சொல்லு பிள்ளே" என்றார்.

சொன்னேன்.