தொண்ணூற்றேழு நம்பர் காது

"இன்னிலேருந்து நம்ம வண்டிக்குத் தொண்ணூத்தேழுதான்! அதுக்குக் கீழே ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது!"

வெள்ளிக்கிழமை காலை, சமையலறை வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று இப்படிச் சபதம் போட்டார் காதுமெஷின்காரர். காது கேளாதவர்களுக்கு மெஷின் மாட்டிவிடும் கடையில் அவருக்கு வேலை. அதனால் தெருவில் அந்தப் பெயர். ஊரார் காதையெல்லாம் பார்த்துப் பார்த்து, தம் காதைப் பற்றி அவருக்கு ரொம்ப உயர்வான எண்ணம். கொசு பறந்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன் என்பார். மனைவி "என்னங்க, குப்பையை எடுத்துப் போடுங்க" என்றால் மட்டும் காதில் விழாது.

அவள் இடுப்பில் மூன்று வயது மகளோடு, பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொண்ணூத்தேழா? என்ன அது, உங்க பள்ளிக்கூட மார்க்கா? இருக்காதே!"

"பெட்ரோலும்மா, பெட்ரோல்! பங்க்குல ரெண்டு குழாய் இருக்கில்ல? ஒண்ணு தொண்ணூத்தொண்ணு. இன்னொண்ணு தொண்ணூத்தேழு. பெரிய நம்பர் ஊத்தினா வண்டி பறக்கும்!"

"நம்பர் பெருசா இருந்தா நல்லதாங்க? போன மாசம் பாப்பாவுக்கு ஜுரம் நூத்திரண்டு வந்துச்சே. கைதட்டினோமா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சின்ன நம்பர் போட்டா எஞ்சின் நாக்கிங் பண்ணும். டொக்கு டொக்குன்னு தட்டும்."

"எஞ்சினுக்கு ஏதுங்க நாக்கு? அது உங்களுக்குத்தான் நீளம்."

பாலை இறக்கி வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். மேசை ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் கொடுத்திருந்த புத்தகத்தை உருவினாள். வண்டியோடு வந்த புத்தகம். காதுமெஷின்காரர் அதற்குக் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். மேசை சாய்ந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"இந்தாங்க, இந்த வண்டிக்குத் தொண்ணூத்தொண்ணு போதும்னு போட்டிருக்கு. அந்த நம்பர் பலம் இல்லையாம், பொறுமையாம். பிளக்கு பொறி வைக்கிறதுக்கு முன்னாடியே தானாப் பத்திக்காம இருக்கிற பொறுமை. வண்டிக்குத் தொண்ணூத்தொண்ணு பொறுமை போதுங்க. உங்களோட குடித்தனம் பண்ற எனக்குத்தான் தொண்ணூத்தேழு வேணும்."

"புத்தகத்துக்குக் காது இருக்கா? எனக்கு இருக்கு!" காதுமெஷின்காரருக்கு ஆவேசம் வந்துவிட்டது. "என் கண்ணைக் கட்டிவிடு. வண்டி தூரத்துல வரும்போதே டேங்க்ல எது இருக்குன்னு சொல்றேன். தொண்ணூத்தேழுன்னா தேன் மாதிரி வரும். தொண்ணூத்தொண்ணுன்னா இருமிக்கிட்டு வரும்."

அவள் புத்தகத்தை மூடினாள். பிறகு மகளைக் கீழே இறக்கிவிட்டாள்.

"பந்தயமா?"

"பந்தயம்!"

"நீங்க தோத்துட்டா, தினம் காலையில வண்டி எனக்கு."

அங்கேதான் விஷயம். திங்கட்கிழமை முதல் அவளுக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை. அது ஊரின் அந்தக் கோடி. இரண்டு பஸ் மாறிப் போனால் டாக்டர் முதல் பல்லைப் பிடுங்கி முடித்திருப்பார். காதுமெஷின்காரரின் கடையோ பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஹெல்மெட், கையுறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு போவார். வண்டியைக் கேட்ட போதெல்லாம், "என் கை தவிர வேற கை பட்டா அது கோவிச்சுக்கும்" என்று முடித்துவிடுவார்.

"நீ ஜெயிச்சாலும் என்ன பிரயோஜனம்? உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே! கிளட்சை விட்டுப் பிடிக்கவே ஆறு மாசம் ஆகும்!"

"அது என் கவலை. வண்டி ரெண்டு தடவை வரும். ஒவ்வொரு தடவையும் டேங்க்ல எது இருக்குன்னு சொல்லணும். ரெண்டும் சரியா இருக்கணும். சம்மதமா?"

"நான் ஜெயிச்சா?"

"வாழ்நாள் பூரா தொண்ணூத்தேழு. வண்டியைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்."

வாயே திறக்க மாட்டாள்! காதுமெஷின்காரருக்கு அன்றிரவு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டு வாசலில் நாற்காலி போட்டாயிற்று. எதிர்வீட்டு டீச்சர் நடுவர். பேப்பரும் சிவப்புப் பேனாவுமாக வந்துவிட்டார். அடுத்த தெரு மெக்கானிக் வண்டியை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நானும் ஷெட்டுக்குப் போறேங்க. பக்கத்துல இருந்து பாத்தாத்தான் எனக்குத் திருப்தி," என்று அவளும் கிளம்பினாள்.

டீச்சர் அவர் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டினார். மகள் மடியில் ஏறி உட்கார்ந்தாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அல்லது காதுமெஷின்காரர் அப்படி நினைத்துக்கொண்டார்.

முனையில் சத்தம் கேட்டது. டுர்ர்ர்... டுர்... டக். கியர் ஒரு குதி குதித்தது. வண்டி அவரைத் தாண்டி, திரும்பி, மறுபடி தாண்டிப் போயிற்று.

"ஐயோ, ஐயோ! கேட்டீங்களா டீச்சர்? சளி பிடிச்ச குழந்தை மாதிரி! தொண்ணூத்தொண்ணு! எழுதிக்கோங்க!"

டீச்சர் எழுதினார். ஏதோ சிரிப்பை விழுங்கியது போல ஒரு சத்தம் கேட்டது. காதுமெஷின்காரரின் காது அதைக் கண்டுகொள்ளவில்லை.

கால் மணி நேரம் போயிற்று. பழைய பெட்ரோலை இறக்கிப் புதுசை ஊற்றுகிறார்கள் போலும் என்று பொறுமையாக இருந்தார். மறுபடி முனையில் சத்தம்.

ஆகா! என்ன ஒரு வருகை! பட்டுத் துணி வழுக்குவது போல வந்தது. கியர் மாறியதே தெரியவில்லை. வாசலுக்கு முன்னால் வேகம் குறைந்து, வளைந்து, மெல்ல மறுபடி எழும்பிற்று.

"அம்மா!" என்று கத்தினாள் மகள்.

"அம்மா ஷெட்டுல இருக்கா கண்ணு. சும்மா இரு, அப்பா கேக்கணும்."

"அம்மா! அம்மா!"

"டீச்சர், இவ வாயில ஒரு பிஸ்கட் வைங்களேன்! இதுதான் தொண்ணூத்தேழு! இதுதான்! என் கையில்கூட வண்டி இப்படி வந்ததில்லை. எழுதுங்க!"

வண்டி அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. காதுமெஷின்காரர் வெற்றி வீரர் போலத் துண்டை அவிழ்த்தார்.

வண்டி மேல் அவர் மனைவி. ஹெல்மெட்டைக் கழற்றி மகள் தலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் பின்னாலேயே நடந்து வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, இருபது வருஷமா வண்டி ஓட்டறேன். சளி பிடிச்ச குழந்தைன்னுட்டீங்களே."

"நீ... நீ ஓட்டினியா? அது தொண்ணூத்தொண்ணுப்பா. உன்மேல தப்பில்ல."

"டேங்க்கை யாருமே தொடலீங்க," என்றாள் மனைவி. "ரெண்டு தடவையும் நீங்க நேத்து ஊத்தின அதே தொண்ணூத்தேழுதான். முதல்ல அண்ணன் ஓட்டினாரு. அப்புறம் நான் ஓட்டினேன்."

டீச்சர் முதல் விடைக்குப் பெரிதாகத் தப்பு போட்டார். சிவப்புப் பேனா கீச்சென்றது. அது நன்றாகக் கேட்டது.

"ஏமாத்து வேலை! வேற வேற பெட்ரோல்னு..."

"அப்படி நான் சொன்னேனா? டேங்க்ல எது இருக்குன்னு சொல்லுங்கன்னுதானே சொன்னேன்?"

காதுமெஷின்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகுதான் அடுத்த கேள்வி உறைத்தது.

"உனக்கு எப்படி ஓட்டத் தெரியும்? எந்த வண்டியில கத்துக்கிட்டே?"

"இதே வண்டியிலதாங்க. மெக்கானிக் வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்தாங்க. லைசென்ஸ்கூடப் போன வாரம் வாங்கிட்டேன்."

"இந்த வண்டி பகல் பூரா என் கடை வாசல்ல இல்ல நிக்குது!"

"ஆமாங்க. வீட்டுலதான் இன்னொரு சாவி இருக்கே. மத்தியானம் வந்து ஸ்டார்ட் பண்ணி எடுத்துட்டுப் போவேன். ஒரு மணி நேரத்துல திருப்பி வெச்சிடுவேன். மூணு மாசமா. உள்ளே நீங்க யாருக்காவது மெஷினை மாட்டிவிட்டு, 'கேக்குதா? கேக்குதா?'ன்னு கத்திக்கிட்டிருப்பீங்க."

திங்கட்கிழமை காலை. மகளை விளையாட்டுப் பள்ளியில் இறக்கிவிட்டு, வண்டி நேராகப் பெட்ரோல் பங்க்குக்குப் போயிற்று. ஓட்டியது அவள். காதுமெஷின்காரர் பின் சீட்டில், மடியில் சாப்பாட்டுப் பையோடு. "போற வழியில கடையில இறக்கி விடறேங்க" என்று அவள்தான் பெருந்தன்மையாக ஏற்றிக்கொண்டாள்.

"பின்னாடி இருக்கறவங்க இறங்கிக்கோங்க சார்," என்றாள் பங்க்கில் வேலை பார்க்கும் பெண்.

இறங்கினார். இறங்கினாலும் விடவில்லை. "தொண்ணூத்தேழு! இன்னிக்கு ஒரு நாளாவது..."

"தொண்ணூத்தொண்ணு போடுங்க," என்றாள் மனைவி. மூடியைத் திறந்தாள், பெட்ரோல் விழுந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டு மூடினாள். கிளினிக் கடிகாரம் மனசுக்குள் ஓட, "உங்க கடை அதோ தெரியுது, நடந்துடுங்க!" என்று சொல்லிக்கொண்டே கிளம்பியும் விட்டாள். திருப்பத்தில் கியர் மாறியது. பட்டுத் துணிதான். தொண்ணூற்றொன்றிலும்.

ஹெல்மெட்டும் கையுறையும் கறுப்புக் கண்ணாடியுமாக, சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு குழாய்க்கு முன்னால் அப்படியே நின்றார் காதுமெஷின்காரர்.

பங்க் பெண் நிமிர்ந்து பார்க்காமல் குழாயை நீட்டினாள்.

"அடுத்து நீங்கதானே சார்? உங்களுக்கு எது ஊத்தட்டும்?"