கழட்டியண்ணன் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த கதை

உலகத்தில் திருகாணி கண்டுபிடிக்கப்பட்டதே கழட்டியண்ணன் கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த, இரும்பு அச்சு செய்யும் டை ஷாப்பில் அவர் மெயின்டனன்ஸ். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளக் கவருக்கு மட்டும் தெரியும். ஃபேன் சத்தம் போட்டால் கழட்டுவார். போடாவிட்டால், "என்ன தம்பி, சத்தமே காணோம், சந்தேகமா இருக்கே" என்று கழட்டுவார். ஒருமுறை கேன்டீன் கிரைண்டரைப் பிரித்து மாட்டியதில் ரெண்டு நட்டு மிச்சம். "செஞ்சவன் அதிகமாப் போட்டுட்டான்" என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மூன்றாவது நட்டு மறுநாள் என் சட்னியில் கிடைத்தது.

நான் அங்கே டிசைனர். அதாவது, ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கோடு போட்டுக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும் உத்தியோகம்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைப்போம். அந்த வருஷம் லேத், டிரில்லிங் எல்லாம் முடிந்தும் அண்ணனுக்குக் கை அடங்கவில்லை. டிசைன் அறையிலிருந்த மூன்று கம்ப்யூட்டர்களையும் திறந்து, வயிற்றிலிருந்த கார்டுகளை ஒரே தாம்பாளத்தில் பரப்பி, தூசி தட்டி, ஓரத்தில் குங்குமம் வைத்து, கைக்கு வந்ததை வந்த இடத்தில் மாட்டிவிட்டார். எங்களுக்கு இது தெரியாது.

லீவு முடிந்து வந்து டிராயிங் சாஃப்ட்வேரைத் திறந்தேன். பல வருஷம் பழகிய அது, என்னை முன்பின் பார்த்திராதது போல, மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொன்னது. நாலு மணிக்குள் பெங்களூரு கஸ்டமருக்கு டிராயிங் போகாவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும்.

"ஆர்டர் போச்சுன்னா, யாரு காரணமோ அவன் நாளைக்கு வேலைக்கு வர வேணாம்" என்றார் முதலாளி.

"வைரஸா இருக்கும் சார்" என்றேன், டாக்டர் மாதிரி.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கன்னட வாடையோடு ஒரு பெண் ஆங்கிலத்தில், உள்ளே ஏதாவது பார்ட் மாற்றினீர்களா என்று கேட்டார்.

"நோ மேடம், நத்திங். ஒன்லி பூஜா."

பின்னால் நின்ற கழட்டியண்ணன் போனை என் கையிலிருந்து வாங்கினார். "நானே பிச்சித்து மேடம்" என்று, தான்தான் கழட்டியதைக் கன்னடத்தில் ஒப்புக்கொண்டார். தாம்பாளம், குங்குமம் எதையும் விடவில்லை. முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

போனில் அந்தப் பெண் சிரித்துவிட்டார். உள்ளிருக்கும் பாகங்களை வைத்துத்தான் சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரை அடையாளம் காணுமாம். கார்டு மாறியதும், இது யாரோ என்று நினைத்துவிட்டதாம். பழைய பதிவை ரத்து செய்து புது எண் கொடுத்தார். நாலு மணிக்குள் டிராயிங் போய்விட்டது.

முதலாளி அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "அடுத்த வருஷம் டப்பாவுக்கு வெளியில மட்டும் பொட்டு வையி."

"வேற வைரஸ் இருந்தாலும் சொல்லுங்க தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார் அண்ணன்.

போன மாதம் மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். பல் செட் புதுசு, கண்ணில் லென்ஸ் புதுசு, முட்டியும் புதுசு.

"ஸ்பேர் பூரா மாத்திட்டாங்க தம்பி. அடையாளம் தெரியுதா?"

"பஸ்ஸுல இருந்தே தெரிஞ்சுதுண்ணா" என்றேன்.

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் அதுவல்ல என்பதைச் சொல்லவில்லை.